யார் மேலும் மோதாமல்

ராஜரத்தினத்தின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சமுத்திரம் வேலைக்குச் சேர்ந்தது 1997 ஆடி மாசம். ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். ஆனால் பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருஷம் சும்மா திரிந்தவனுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று அவன் அப்பாவே சொல்லிவிட்டார்.

அப்பா இருளப்பசாமிக்கு சுந்தரபாண்டியத்தில் குத்தகை நிலம் ஒரு ஏக்கர். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சமுத்திரம்தான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். கறுப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோ, சாமி படங்களுக்கு நடுவில் தொங்கியது. அதற்கும் சேர்த்தே அவன் அம்மா வெள்ளிக்கிழமை சூடம் காட்டினாள். அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருக்க மாட்டான்.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டி இருந்தது கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பெட்டிகளில் முகவரிச் சீட்டு எழுதுவது அவன் வேலை. லாரி ஓட்டுகிற மாமன் ஒருவர் தயவில் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்திருந்ததால், டிரைவர் வராத நாட்களில் மாருதி வேனை எடுப்பதும் அவன் தலையில் விழுந்தது. கம்பெனிக்குப் பின்னால் நூல் மூட்டை வைக்கிற அறைக்கு அடுத்த அறையில் தங்கிக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்த் திங்கள் காலையில் திரும்பி வருவான். ராத்திரி உட்கார்ந்து சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படித்தான். இந்த வேலை நிரந்தரம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அந்தப் புத்தகங்கள் வேண்டியிருந்தன.

மூன்றாவது வேலை ஒன்று அடுத்த கோடையில் வந்து சேர்ந்தது. முதலாளி தன் மகன் சேதுபதிக்கு மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் இறக்கினார். பையன் பிளஸ் ஒன் முடித்திருந்தான். மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றைச் சமுத்திரம் முடித்து வைத்திருந்தது முதலாளிக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டு மாடிக்குப் போய்ப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்.

நாலு நாள் சொல்லிக்கொடுத்தான். ஐந்தாம் நாள் சேது ஒரு சிடியை எடுத்தான். மெட்ராஸில் இருக்கிற அத்தை மகன் கொடுத்தது. உறையில் பெயர் எதுவும் இல்லை. பேனாவால் ஒரு கார் வரைந்திருந்தது.

"இதுல நாமதாண்ணே கெட்டவன்" என்றான் சேது.

திரையில் ஒரு நகரம் வந்தது. பருந்து பார்ப்பதுபோல மேலேயிருந்து தெரிந்தது. தீப்பெட்டி மாதிரிக் கார்கள், எறும்பு மாதிரி மனிதர்கள். நடுவில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். அவன்தான் நாம். ஒரு விசையைத் தட்டினால், போகிற காரை நிறுத்தி, உள்ளே இருப்பவனை இழுத்துப் போட்டுவிட்டு ஏறிக்கொள்வான். தெருமுனையில் டெலிபோன் அடிக்கும். எடுத்தால் யாரோ ஒருத்தன் வேலை சொல்லுவான்: இந்தக் காரைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் விடு, அந்த ஆளை முடி. போலீஸ் துரத்தும். பிடிபட்டால் கையிலிருந்த துப்பாக்கி போகும். அப்புறம் ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த காரை எடுக்கலாம்.

சமுத்திரத்தைப் பிடித்துக்கொண்டது திருட்டு இல்லை. டெலிபோனை எடுக்காவிட்டாலும் அந்த நகரம் பேசாமல் ஓடிக்கொண்டிருந்ததுதான். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் திரும்பலாம். பெரிய பங்களாக்களின் புல்வெளி மேல் ஏறிப் போகலாம். நீ யார் வீட்டுப் பிள்ளை, இந்தப் பக்கம் உனக்கு என்ன சோலி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் அப்பா இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகிற தெரு ஒன்று உண்டு. எதற்கு இறங்குகிறார் என்று அவர் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. மாடியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் தெருத்தெருவாகத் திரிந்துவிட்டு இறங்கும்போது, எங்கோ வெளியூர் போய் வந்தவன்போல இருந்தது.

"ஏண்ணே, செவப்பு லைட்டுக்கெல்லாம் நிக்கீக?" என்று சேது சிரிப்பான். "எவனும் ஃபைன் சீட்டுக் கிழிக்க மாட்டான்."

"கால் தானா பிரேக்குக்குப் போகுது தம்பி."

"இதுல ஏதுண்ணே காலு? வெரல்தான்."

எரிச்சலும் அதே அளவுக்கு இருந்தது. அத்தனை வீடு இருந்தும் ஒரு கதவு திறக்காது. அத்தனை மனிதர்கள் நடந்தும் ஒருவனும் நின்று பேச மாட்டான். நடப்பார்கள், அலறுவார்கள், சாவார்கள். வேறு ஜோலி இல்லை. ஒரு வேலையை முக்கால்வாசி முடிக்கும்போது கார் சுவரில் இடித்து வெடிக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நகரத்துக்கான புள்ளிகளை மொத்தமாகச் சேர்க்கும்வரை எதையும் பதிந்துவைக்க முடியாது. ராஜபாளையத்தில் ஆறு மணிக்குமேல் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது திரை பொசுக்கென்று இருண்டுவிடும். சேது மேஜையில் குத்துவான். முதலாளி மனைவி ஆவுடையம்மாள் மெழுகுவர்த்தியோடு மேலே வந்து, இவ்வளவு நேரம் படித்தது அழிந்துபோச்சா என்று வருத்தப்படுவாள். திரையில் இங்கிலீஷ் எழுத்து ஓடியதால் அது படிப்பு என்றே கடைசிவரை நம்பினாள். இருவருமே அதைத் திருத்தவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. பிளவக்கல் அணை நிரம்பிவிட்டது, மறுகால் போகிறது என்று கேள்விப்பட்ட சேது, அரைப்பரீட்சை முடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நின்றான். டிரைவர் லீவு. டிசம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சமுத்திரம் வேனில் அவனை அழைத்துக்கொண்டு போனான். அணையைப் பார்த்தார்கள், கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டார்கள், மூன்று மணிக்குத் திரும்பினார்கள்.

வழியில் சேது சாவியைக் கேட்டான். கம்பெனி காம்பவுண்டுக்குள் சமுத்திரமே அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். லைசென்ஸ் எடுக்க இன்னும் நாலு மாசம் இருந்தது. ரோட்டில் ஆளே இல்லை. முதலாளி மகனிடம் முடியாது என்று சொல்லுவதும் லேசு இல்லை. ஆனால் கொடுத்ததற்குக் காரணம் அது மட்டும்தானா என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். ஏழு மாசமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை தெருவையும் சுற்றிய பழக்கத்தில், இவன் எப்படி ஓட்டுவான் என்று தனக்குத் தெரியும்போல அவனுக்குத் தோன்றியிருந்தது.

மகாராஜபுரம் தாண்டி ஒரு வளைவு. வாய்க்கால் கரையிலிருந்து புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டில் ஏறினாள். கட்டு முகத்தை மறைத்திருந்தது. சமுத்திரம் "பிரேக்" என்று கத்தினான். சேதுவின் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

அவள் பெயர் பெத்தம்மாள். வயசு ஐம்பதுக்குள் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் புல் அறுத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மாரிச்சாமி அரிவாளோடு ஓடி வந்தார். அப்போது சேது ஸ்டீயரிங் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றான். சமுத்திரம் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினான். மாரிச்சாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வேனை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியது சமுத்திரம். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கிருஷ்ணன்கோவில் தாண்டியதுமே பின்னாலிருந்து வந்த முனகல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஏட்டு நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்.

"வண்டி ஓட்டுனது யாருப்பா?"

"நாந்தான் ஏட்டையா."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சேது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளிக்கு அப்போது போன்கூடப் போயிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: வண்டி மோதிவிட்டால் முதலில் பார்ப்பது லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். இருக்கிறவன் தலையில் போய்விடும். சமுத்திரத்தின் சட்டைப்பையில் லைசென்ஸ் இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஆறு மணிக்கு முதலாளி வந்தார். அவன் தோளில் கையை வைத்து, "நீ எனக்குப் பிள்ளை மாதிரிலே" என்றார். யார் ஓட்டியது என்று கேட்கவில்லை. வக்கீல் காமராஜை அவரே ஏற்பாடு செய்தார். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாகக் கேஸ்.

சுந்தரபாண்டியத்தில் அவன் அம்மா அழகுத்தாய் அழுதாள். அப்பா அழவில்லை. ஒரு வாரம் அவனோடு பேசவும் இல்லை. அவர்களிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவிடம் சொன்னால் அது ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிடும் என்று நினைத்தான். பொங்கலுக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தான். பொங்கலும் போனது.

கம்பெனியில் அவன் சம்பளம் கூடியது. முகவரிச் சீட்டு எழுத வேறு ஆள் வந்தான். சமுத்திரத்துக்கு மேஜையும் நாற்காலியும் போட்டார்கள். வேனை எடுக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. சேது மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். கீழே சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். ஆவுடையம்மாள் சமுத்திரத்தைப் பார்த்து, "மேல போயி செத்த நேரம் கம்ப்யூட்டர் பாருப்பா, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றாள்.

முதல் நாள் மறுக்க முடியாமல் போனான். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம் என்றுதான் போனான். பிறகு அந்தச் சிடியை எடுத்துப் போட்டான். அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. யார் மேலும் மோதாமல் அந்த நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்ச் சேர முடியுமா?

கேட்டால் கிறுக்குத்தனம். ஆனால் அவன் மனசில் அது வேறு கேள்வியாகத்தான் ஓடியது. அன்றைக்குச் சாவியைக் கொடுக்காமல் தானே ஓட்டியிருந்தால் பெத்தம்மாள் பிழைத்திருப்பாளா? வளைவில் தன் கால் பிரேக்குக்குப் போயிருக்குமா? போயிருந்தாலும் வண்டி நின்றிருக்குமா? பிசிக்ஸ் படித்தவன். வேகம், தூரம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தான். வளைவின் தூரம் நிச்சயமாகத் தெரியாததால் விடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வந்தது. ஒருநாள் பஸ்ஸில் போய் இறங்கிக் காலடியால் அளந்துவிட்டு வந்தான். அப்படியும் தீரவில்லை.

விளையாட்டில் அவன் ஒரு காரை எடுத்து மெதுவாக உருட்டுவான். சிவப்புக்கு நிற்பான், பச்சைக்குப் போவான். டெலிபோன்கள் அடித்துக்கொண்டே இருக்கும்; எடுக்க மாட்டான். முதல் இரண்டு தெரு நன்றாகப் போகும். மூன்றாவது தெருவில் நடைபாதையில் போகிற ஒருத்தன் எந்தக் காரணமும் இல்லாமல் திரும்பி நேராகச் சக்கரத்துக்குள் வருவான். பிரேக் போட்டு நின்றால் பின்னால் வருகிற கார் இடித்துத் தள்ளும், முன்னால் நிற்பவன் விழுவான். ஹாரன் அடித்தால் பயந்து ஓடுகிறவன் வண்டிக்கு முன்னால்தான் ஓடுவான். விழுந்த ஒவ்வொருவனுக்கும் திரையின் மூலையில் புள்ளி கூடியது. அந்த மூலையைக் கையால் மறைத்துக்கொண்டு ஓட்டினான்.

ஒரே ஒரு தடவை, மாசி மாசத்தில், தெற்கு மூலையிலிருந்து வடக்குப் பாலம்வரை ஒருவரையும் தொடாமல் போய்ச் சேர்ந்தான். ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது.  பாலத்துக்குக் குறுக்கே தடுப்பு போட்டிருந்தார்கள். அடுத்த நகரத்துக்குப் போக இத்தனை புள்ளி வேண்டும் என்று எழுத்து வந்தது. அவனிடம் ஒரு புள்ளியும் இல்லை. யாரையும் தொடாதவனுக்கு அந்த ஊரில் அதற்குமேல் ரோடு கிடையாது. திருப்பினான். திருப்புகிற இடத்திலேயே ஒரு பெண் வந்து விழுந்தாள்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தான். அடிபட்ட இடத்தை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தால், அங்கே ஒன்றும் இருக்காது. ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதே இடத்தில் வேறு யாரோ நடந்துகொண்டிருப்பார்கள். நாலு தடவை சுற்றி வந்து பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான்.

சித்திரை பிறந்த வாரம் சுந்தரபாண்டியத்து வீட்டுக்குத் தபால் வந்தது. சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் சமுத்திரம் தேறிவிட்டான். இளநிலை உதவியாளர் வேலை. ஜூலையில் சான்றிதழ் சரிபார்க்க மெட்ராஸுக்கு வரச் சொல்லியிருந்தது. கூடவே பூர்த்தி செய்துகொண்டு வரவேண்டிய படிவம் ஒன்று. அதில் பதினொன்றாவது கேள்வி: தாங்கள் எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா? வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? ஆம் எனில் முழு விவரத்தைத் தம் கையெழுத்தில் எழுதுக.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வக்கீல் காமராஜைப் பார்த்தான். அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

ஜூனில் வாய்தா. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதமும், கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருக்கிற தண்டனையும்தான். அன்று சாயங்காலமே கேஸ் முடிந்துவிடும். ஆனால் இந்த உத்தியோகத்தை மறந்துவிட வேண்டும். கேஸை நடத்தினால் நாலு வருஷம் இழுக்கும். அதுவரை யாரும் வேலையைக் காத்து வைத்திருக்கப் போவதில்லை. மூன்றாவது வழியையும் அவரே சொன்னார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"நடந்தத நடந்தபடி சொல்லிட்டா நீ வெளிய வந்துருவ. அந்தப் பய உள்ள வருவான். ஆனா லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனான்னு ஆயிட்டா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். மாரிச்சாமிக்கு நஷ்டஈடு கெடைக்கிறது கஷ்டம். யோசிச்சுக்கோ."

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தான். இன்சூரன்ஸ் கொடுக்காவிட்டால் முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கலாமே என்பது மம்சாபுரம் விலக்கு வரும்போதுதான் அவனுக்குத் தோன்றியது. வக்கீலுக்கு அது தோன்றவில்லையா, இல்லை தோன்றியும் சொல்லவில்லையா? தனக்கு ஏன் இத்தனை நேரம் பிடித்தது? இதை முதலாளியிடம் போய்க் கேட்கலாம் என்று நினைத்தான். கம்பெனிக் கேட்டைத் தாண்டியதும் அந்த நினைப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

இரண்டு நாள் கழித்துச் சேது படிக்கட்டில் அவனை நிறுத்தினான். பரீட்சை எழுதி முடித்திருந்தான். முகத்தில் மீசை அரும்பியிருந்தது. ஆள் இளைத்திருந்தான்.

"ஒங்களுக்கு வேல வந்துருக்குன்னு சொன்னாக. நானே கோர்ட்ல சொல்லிருதேண்ணே."

சமுத்திரம் ஒரு படி கீழே இறங்கி அவனுக்கு நேராக நின்றான்.

"அப்பாட்டச் சொன்னியா?"

"நேத்து சாப்பிடும்போது சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

சரி, சொல்லு தம்பி என்று சமுத்திரம் சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் சொல்லுகிற நிலையில்தான் இருந்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது, "வாய்தாவுக்கு இன்னும் நாள் இருக்குல்ல, பாப்போம்" என்பதுதான். தான் கேட்டு வாங்குவது வேறு, அவர்களாகச் செய்வது வேறு என்று நினைத்தான். முதலாளி கூப்பிட்டுப் பேசுவார் என்று காத்திருந்தான். மறுவாரம் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு என்று சேதுவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று அவன் வேன் ஜன்னலிலிருந்து கம்பெனிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததாகக் காவல்காரர் சொன்னார்.

அப்படியும் சமுத்திரம் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடுவது. இருபத்தைந்து வருஷம் அப்பா குனிந்து நின்ற வயலிலிருந்து வந்த படிப்பு. ஒரு வார்த்தையில் அதைத் தொலைத்தான். ஒரு வார்த்தையில் திரும்ப எடுத்துவிடலாம்.

வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை மாரிச்சாமி சுந்தரபாண்டியத்துக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று அவனைக் கூப்பிட்டார். சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார்.

"தம்பி, ஒங்களுக்கு உத்தியோகம் வந்துருக்குன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு."

"ஆமாய்யா."

"நல்லது." மரத்தைப் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கு எந்தக் கதவத் தொறந்து யாரு எறங்குனான்னு நானும் பாத்தேன். போலீசுல நான் சொல்லல. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஓடல; பொறவு நஷ்டஈடு போயிரும், சொல்ல வேண்டாம்னு வக்கீலு சொல்லிட்டாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு தம்பி. மூத்ததுக்கு ஆவணில கல்யாணம் வச்சுருக்கேன்."

அவன் திண்ணையைக் காட்டினான்; அவர் உட்காரவில்லை.

"வார்த்த மாத்திருவீகளோன்னு கேட்டுட்டுப் போக வந்தேன். மாத்தினாலும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்கதான் அவள வண்டில தூக்கிக் கெடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனீக. அது எனக்குத் தெரியும்."

அம்மா உள்ளேயிருந்து யாரு என்று கேட்டாள். தெரிந்தவர் என்றான். மாரிச்சாமி தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

ஜூன் மாதம் பதினேழாம் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பதினொன்றரைக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றான். மாரிச்சாமி கடைசி பெஞ்சில் இருந்தார். முதலாளி வரவில்லை, டிரைவரை அனுப்பியிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று நீதிபதி கேட்டார். அந்தச் சில நொடிகளில் அவன் எதை நினைத்தான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. பெத்தம்மாளையும் இல்லை, மெட்ராஸையும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு துவைத்த சட்டை தெரிந்தது.

"ஒத்துக்கிடுதேன்யா."

நீதிபதி எழுதிக்கொண்டே, என்ன படித்திருக்கிறீர் என்றார்.

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ்யா."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "படிச்சவரே இப்படி ஓட்டினா எப்படி?"

"தப்புதான்யா."

அபராதத்தை வக்கீல் குமாஸ்தா கட்டினார். சமுத்திரம் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். கோர்ட் கலையும்வரை அவன் கைதி. வேறு கேஸ்கள் வந்தன: வரப்புத் தகராறு, சாராயம், சீட்டாட்டம். மத்தியானம் மாரிச்சாமி ஒரு பொட்டலத்தில் இரண்டு வடையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவன் அதைத் தொடவில்லை, தூரப் போடவும் இல்லை. ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்து போனார். நீ போகலாம் என்று போலீஸ்காரர் சொன்னார். கோர்ட் வாசலில் நின்றான். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. பூ விற்றார்கள். ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பெனி டிரைவர் வேன் கதவைத் திறந்து வைத்திருந்தான். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்பா வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னான். ஒத்துக்கொண்டுவிட்டேன், தண்டனை ஆகிவிட்டது, இனி அந்த வேலை வராது என்றான். மீதியையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அப்பா முன்னாலாவது அதை ஒருதடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

இருளப்பசாமி மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

"நல்ல காரியம் பண்ணுன" என்றார். "ஒரு பொம்பள உசுர எடுத்துட்டு, இல்லன்னு பொய் சொல்லி கவர்மெண்டு நாக்காலில போயி உக்காந்திருந்தா எனக்கு வெக்கமா இருந்துருக்கும். இத்தன நா ஒன்ட்ட பேசப் பிடிக்காம இருந்துச்சு. இன்னிக்குத்தாம்லே மனசு ஆறுச்சு."

ஆறு மாசத்துக்குப் பிறகு அவர் அவனோடு பேசிய முதல் நீளமான பேச்சு அது. முன்னால் நடந்தார். சமுத்திரம் பின்னால் நடந்தான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் அந்தப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எதற்கு எழுதுகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நிராகரிப்பார்கள், கொடுக்காவிட்டாலும் வேலை போகும். ஆனால் கேள்வி கேட்டிருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், படிப்பு எல்லாம் எழுதினான். பதினொன்றாவதற்கு வந்தபோது பேனா கொஞ்ச நேரம் நின்றது. தம் கையெழுத்தில் என்று போட்டிருந்தது. ஆம் என்று எழுதினான். கீழே இருந்த மூன்று கோட்டில், 29.12.1998 அன்று மகாராஜபுரம் அருகே நான் ஓட்டிச் சென்ற வாகனம் மோதி பெத்தம்மாள் என்பவர் இறந்தார் என்று நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தான்.